அப்பா தண்ணீர் குடிக்காத நாட்கள்

அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் நாற்பது வருஷம் நின்று துணி எடுத்துப் போட்டவர். வாசலில் பால்காரர் வந்தால்கூடச் சட்டை மாட்டிக்கொண்டுதான் கதவைத் திறப்பார். அம்மா போன பிறகு வீட்டில் அவரும் மகள் நானும்தான். தம்பி மஸ்கட்டில். எனக்குத் தம்பானூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வேலை.

ஒரு மழை நாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சர்க்கரை குறைந்தால்தான் ஆபரேஷன் என்றார்கள் அரசு ஆஸ்பத்திரியில். அதுவரை காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, ஆண்கள் வார்டில் ஒரு கட்டிலில் போட்டுவிட்டார்கள். கூட ஒருவர் இருக்கலாம். அந்த ஒருவரை இங்கே பைஸ்டாண்டர் என்பார்கள். அந்த நாட்கள் முழுக்க என் பெயரும் அதுதான்.

முதல் நாளே வார்டு வேலைக்காரப் பெண் ஒருத்தி வந்து, அப்பாவின் வேட்டியை ஒரு இழுப்பில் உருவிவிட்டு டயப்பர் கட்டினாள். கட்டிக்கொண்டே, பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தவளிடம் மகளின் பள்ளிக்கூட விஷயம் பேசினாள். மறைப்புக்கு ஒன்றும் இல்லை. எதிர்க் கட்டில்காரரைப் பார்க்க வந்திருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் திருப்பிக்கொண்டேன். அப்பா மேலே சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு நினைவு நன்றாக இருந்தது. வருவது தெரியும், சொல்லவும் தெரியும். அவருக்கு வேண்டியது ஒரு பெட்பானும் இரண்டு நிமிஷ மறைப்பும்தான். நர்ஸிடம் போய்ச் சொன்னேன். அவள் வந்து, காது கேட்காதவரிடம் பேசுவதுபோல மலையாளத்தில் உரக்கச் சொன்னாள்.

"அதில்தன்னே போய்க்கோ அப்பூப்பா. பின்னே மாற்றாம்."

தாத்தா அதிலேயே போய்விட்டால் பிறகு மாற்றுவார்களாம். அவள் மோசமானவள் இல்லை. முப்பதுக்கு மேல் கட்டில்கள், பார்க்க இரண்டு பேர். மத்தியானம் அவள் மருந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அவளோடு சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. சக்கரம் வைத்த திரை ஒன்று வார்டில் இருந்தது. ஒரு சக்கரம் உடைந்துபோய் மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். மறுநாள் வீட்டிலிருந்து பழைய புடவை ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலைச் சுற்றிக் கட்டினேன். ரவுண்ட்ஸ் வருகிற நேரம், வெளித்துணி கூடாது என்று அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். அவிழ்த்து மடித்துப் பையில் வைத்தேன்.

நான்காம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. சம்பந்தமில்லாமல் பேசினார். மீட்டர் கணக்கில் துணி கிழிக்கச் சொல்லி யாரையோ ஏவினார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். உடம்பில் நீரே இல்லை, தண்ணீர்கூடக் கொடுக்காமல் பைஸ்டாண்டர் என்று எதற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கூட வந்த மாணவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கொடுத்தேன் என்றேன். கொடுத்தது உண்மை. நான் டம்ளரை வைத்துவிட்டு மருந்து வாங்கப் போனதும், அப்பா அதைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் நீட்டிவிடுவாராம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

டிரிப் ஏறித் தெளிந்ததும் ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன்.

"குடிச்சா வரும். வந்தா நீதானே பாக்கணும். நீ என் பொண்ணு மக்கா."

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் சங்கரன்கோவில் பக்கத்துக் கட்டட வேலைக்காரர். சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்திருந்தது. அவருக்குத் துணையாக அண்ணன்காரர் இருந்தார், அவரும் கொத்து வேலைதான். டம்ளர் விஷயத்தைச் சொன்னவர் அவர்தான். என்னை வராந்தாவில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, எங்கிருந்தோ ஒரு பெட்பானைக் கழுவி எடுத்து வந்தார். நான் கதவுப் பக்கம் நின்றேன். அவர் குரல் கேட்டது.

"அய்யா, வேட்டிய அவுக்கட்டா?"

அந்த வார்டில் அப்பாவிடம் யாராவது எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அண்ணன்காரர் தன் மாற்றுக் கைலியை அகல விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி நின்றார். அன்று சாயங்காலம் அப்பா தாமே தண்ணீர் கேட்டார். இரண்டு டம்ளர் குடித்தார்.

மூன்று நாள் அப்படி ஓடியது. பிறகு பக்கத்துக் கட்டில்காரரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். போகும்போது அண்ணன்காரர் அப்பாவின் கையைப் பிடித்து, "வாரேன் அய்யா" என்றார். அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வந்தார். அவரோடு மனைவிதான் துணைக்கு இருந்தாள். அப்பா மறுபடியும் வாயை ஈரப்படுத்துகிற அளவுக்கு மட்டும் குடித்தார். கெஞ்சினேன். ஒரு தடவை கோபத்தில் சத்தம் போட்டுவிட்டேன். மாத்திரைக்குத் தண்ணீர் போதும் என்றார். திரையைக் கேட்டு மேட்ரனைப் போய்ப் பார்த்தேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். திரையைச் சரிபார்க்கச் சொல்லியிருப்பதாக அடுத்த நாள் தகவல் வந்தது. நாங்கள் இருந்தவரை சரிபார்க்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்தார். வாக்கர் பிடித்து நான்கு அடி நடக்கவும் செய்தார். ஆனால் தண்ணீர் குடிக்காமல் கிடந்ததில் சிறுநீரில் ஏறிய கிருமி விடவில்லை. இரண்டாவது மாதம் குளிர்ஜுரம் கண்டது. உடனே கொண்டு வாருங்கள் என்று டாக்டர் போனில் சொன்னார். ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வந்துவிட்டது. அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வேற எங்க வேணும்னாலும் கொண்டு போ. அங்க வேண்டாம்."

வேறெங்கும் கொண்டுபோக எனக்கு வழியில்லை. இந்தத் தடவை தனி அறை சொல்லியிருக்கிறேன் அப்பா, ஆம்பிளை நர்ஸ்தான் வருவார் என்றேன். நான் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அப்பா என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சட்டையை எடுத்துத் தரச் சொன்னார். தாமே பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். நான் உதவப் போனேன், வேண்டாம் என்றார். எல்லாப் பொத்தானும் போட்டு முடிக்கிறவரை ஆம்புலன்ஸ்காரர் வாசலில் பொறுமையாக நின்றார்.

அதே வார்டுதான் கிடைத்தது. ஐந்தாம் நாள் அப்பா போய்விட்டார். தனி அறை எங்கே என்று அந்த ஐந்து நாளில் ஒருமுறைகூட அவர் என்னிடம் கேட்கவில்லை.