சைதூன் வீட்டு நல்ல தண்ணீர்

சைதூன் பாயம்மா இறந்துபோன செய்தி கண்ணகிக்கு வந்து சேர்ந்தபோது அடக்கமே முடிந்துவிட்டிருந்தது. அப்போது அவள் கல்பாக்கத்தில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய்க்கொண்டிருந்தாள். தலையில் ஜல்லிக்கூடையோடு நின்றவளிடம் கிணறு வெட்டுகிற முனிசாமி வந்து சொன்னான். செங்கல்பட்டுக்கு மகன் கூட்டிப்போன கிழவி ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாளாம், அங்கேயே புதைத்துவிட்டார்களாம். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார். கூடையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்த பிறகுதான் கண்ணகியால் உட்கார முடிந்தது.

மீனவக் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாள்தான் பாயம்மாவை அவள் முதலில் பார்த்தது. குப்பத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். சவுக்குத் தோப்பைத் தாண்டி, சைதூனின் தென்னந்தோட்டத்துக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் ஊறியது. புருஷன் நூர்முகமது சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றவர். அவர் விட்டுப்போனது அந்தத் தோட்டமும் ஓர் ஓட்டுவீடும்தான். தேங்காய் விற்றுத்தான் சைதூனுக்குச் சாப்பாடு. ஆனால் தோட்டத்துப் படலை அவள் சாத்தி யாரும் பார்த்ததில்லை. புதுப்பெண் குடத்தோடு தயங்கி நிற்பதைப் பார்த்து, கயிற்றை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"கேட்டுகினு நிக்காத பொண்ணே. தண்ணி இன்னா என்னுதா? அல்லா குடுத்தது. எறைச்சிகினு போ."

கண்ணகியின் மூத்த பிள்ளைக்கு வாந்திபேதி கண்டபோது, குப்பத்துச் சனம் வாசலோடு நின்றுகொண்டது. சைதூன்தான் உள்ளே வந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். துணியெல்லாம் அசிங்கமானது. அவள் முகம் சுளிக்கவில்லை. பிள்ளை பிழைத்தது. புயல் நாட்களில் கட்டுமரம் கடலுக்குப் போகாமல் அடுப்பு அணைந்து கிடக்கும் வீடுகளுக்கும் அவள் கஞ்சிப்பானைதான் போகும். சொல்லிக்காட்டுகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது.

எழுபத்து நான்காம் வருஷம் மழை பொய்த்தது. பக்கத்து ஊர்க்காரர்களும் மாட்டுவண்டியில் பீப்பாய் ஏற்றிக்கொண்டு அவள் கிணற்றுக்கு வந்தார்கள். விடியுமுன்னே ஊற்று வற்றிவிடும். கலங்கலைச் சுரண்டி எடுத்தார்கள். மரங்களுக்குப் பாய்ச்சத் தண்ணீர் இல்லை. முதலில் குரும்பைகள் உதிர்ந்தன, பிறகு மட்டைகள் தொங்கின. செங்கல்பட்டில் தையல்கடை வைத்திருந்த மகன் மைதீன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். மரம் போனால் நீ எதைத் தின்பாய், படலைப் பூட்டு என்றான்.

சைதூன் உதிர்ந்த குரும்பைகளைக் கூட்டிக் குவித்தாள். கடைசியில், "மரம் வாய் தொறந்து கேக்கல மைதீனு. புள்ளைங்க கேக்குதுங்களே" என்றாள்.

தென்னைகள் ஒவ்வொன்றாகக் கொண்டை சாய்ந்தன.

அந்தக் கோடையிலேயே தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. வற்ற வற்ற இறைத்த கிணற்றுக்குள் கடல் வந்துவிட்டது. அது யாருக்கும் புரியவில்லை. குப்பத்துச் சந்திரம்மா கிணற்றடியிலேயே நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "கெழவிதான் மூட்டை உப்பு கொட்டிகீது. நம்மள வெரட்டத்தான்."

கண்ணகி அவளிடம் சண்டைக்குப் போனாள். சைதூன் கண்ணகியின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். ஆனால் அன்று மாலை அவள் அடுப்பு மூட்டவில்லை என்பதைக் கண்ணகி பார்த்தாள். மறுவாரம் சைதூனின் காது நிறையத் தொங்கிய தங்க அலுக்கத்துகளைக் காணோம். அவற்றை விற்று முனிசாமியைக் கூப்பிட்டு, கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டச் சொல்லியிருந்தாள். வெட்ட வேண்டாம், கீழே போகப்போக மோசமாகும் என்று முனிசாமி தடுத்தும் கேட்கவில்லை. புது ஊற்று பீறிட்டபோது, வாளியில் மேலே வந்ததைச் சைதூன் ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். துப்பினாள். மறுபடி அள்ளினாள். அது கடல் தண்ணீரேதான். கிணற்றுக் கட்டையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காதுத் துளைகள் தொங்கிப்போயிருந்தன.

பிறகு மழை பெய்தது. கிணறு மட்டும் திரும்பவில்லை. ரோட்டோரம் கைப்பம்பு வந்தது. அதன் பிறகு சவுக்குத் தோப்பு வழியாக யாரும் வரவில்லை. யாருக்கும் அவள்மேல் கோபமில்லை; வர வேலையில்லை, அவ்வளவுதான். சைதூனும் சின்னக் குடத்தை இடுக்கிக்கொண்டு கைப்பம்புக்கு நடந்து வந்து வரிசையின் கடைசியில் நிற்பாள். கண்ணகி தன் இடத்தை விட்டுக்கொடுத்தபோது பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "வேணாம்மா, அவங்க முன்னாடி வந்தாங்க" என்று சைதூன் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அவளால் நடக்க முடியாமல் போனதும் கண்ணகியே தினம் ஒரு குடம் கொண்டுபோய் வைத்தாள். மீன்பாடு இல்லாமல் கண்ணகியும் புருஷனும் கல்பாக்கத்துக்கு லாரி ஏறத் தொடங்கியதும் அதுவும் நின்றது. இருட்டோடு போய் இருட்டோடு வரும் பிழைப்பு. எத்தனையோ நாள், நாளைக்குப் போகலாம் என்று படுத்திருக்கிறாள். பட்டமரங்களுக்கு நடுவில் சைதூன் எப்படிச் சமைத்தாள், யாரோடு பேசினாள் என்பது யாருக்கும் தெரியாது. மைதீன் வந்து தூக்கிப்போனபோது அவள் வெறும் எலும்பாக இருந்தாளாம்.

செய்தி வந்த அன்று கண்ணகி குப்பத்தில் வீடு வீடாகச் சொன்னாள். "அடப் பாவமே" என்றார்கள். வலை பின்னுகிற கை நிற்கவில்லை. சந்திரம்மாவின் மருமகள், எந்தப் பாயம்மா என்று கேட்டாள்.

அடுத்த வேலையில்லாத நாளில் கண்ணகி செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினாள். விசாரித்து விசாரித்துத் தையல்கடையைக் கண்டுபிடித்தாள். மைதீன் மிஷினிலிருந்து எழுந்து வந்தான். பொம்பளைங்க கபர்ஸ்தானுக்குள்ளே வரக்கூடாது என்று சொல்லி, அதன் கேட்டுவரை கூட்டிப்போனான்.

"பாயம்மா கடைசியா எதுனா சொல்லிச்சா?"

"ஒண்ணும் சொல்லல. குப்பத்துலேருந்து யாராச்சும் வந்தாங்களான்னு மட்டும் கேட்டுகினே இருந்திச்சி."

கம்பிக்கு அப்பால் புது மண்மேடுகள் பல இருந்தன. மைதீன் விரல் நீட்டிக் காட்டினான். அவன் காட்டியது எதை என்று கண்ணகிக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்கக் கூச்சமாக இருந்தது. எல்லா மேடுகளையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.