பேச்சியக்காவும் ஜீப்பு ஸ்டாண்டு கக்கூசும்

விடியக்காலையில அந்த ஜீப்புக்குள்ள ஒரு வாடை அடிக்கும்... டீசல் புகை, ஈரச்சாக்கு, பச்சை ஏலக்காய், எல்லாம் சேந்த வாடை. இப்பவும் யாராச்சும் பாயசத்துல ஏலக்காய் தட்டிப் போட்டா எனக்கு அந்த ஜீப்புதான் ஞாபகம் வரும்.

ப்ளஸ் டூ முடிச்சிட்டு வீட்டுல சும்மா கெடந்த சமயம். பக்கத்து வீட்டு பேச்சியக்கா கூட மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போக ஆரம்பிச்சேன். போடியில ஜீப்பு ஏறுனா மலை உச்சி மெட்டைத் தாண்டி கேரளா பக்கம் தோட்டத்துலதான் எறங்கணும். ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்து போவோம்.

மொத நாள் இன்னும் விடியாத நேரத்துல ஜீப்பு ஸ்டாண்டுல பாட்டிலைத் தொறந்து மடக்கு மடக்குன்னு தண்ணி குடிச்சேன். பேச்சியக்கா வெடுக்குனு புடுங்கிட்டாங்க.

"என்னடி இம்புட்டுக் குடிக்கிற? வழியில எங்கயும் ஜீப்பு நிக்காது."

"இங்கயே போயிட்டு வந்துர்றேன்க்கா."

"எங்க போவ? காட்டு பாப்போம்."

சுத்திப் பாத்தேன். டீக்கடை, லாரி, ஆம்பளைங்க. ஆம்பளைங்களுக்கு செவுரு இருந்துச்சு... எங்களுக்கு ஒன்னும் இல்ல.

எங்க தெருவுல பாதி வீட்டுல அப்ப கக்கூஸ் கெடையாது. சிலமலை ஊருப் பக்கமிருந்து வர்ற பொம்பளைங்க இன்னும் சீக்கிரமே கெளம்பி வந்து நிப்பாங்க. மேல போனா காடுதான், ஆனா கால்ல ஏறி ரத்தம் உறிஞ்சுற அட்டை. அதுக்கும் எங்களை வேலை வாங்குற கங்காணி ஆம்பளைகிட்ட சொல்லிட்டுத்தான் ஒதுங்கணும். அதுக்குக் கூச்சப்பட்டே பாதிப் பேரு அடக்கிக்கிட்டு கெடப்போம்.

அதனால யாருமே தண்ணி குடிக்கிறதில்ல. பேச்சியக்கா சுத்தமா குடிக்க மாட்டாங்க. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். அடிவயித்தைப் புடிச்சுக்கிட்டே குனிஞ்சு காய் எடுப்பாங்க. "சூட்டு ஒடம்புடி"ன்னு சொல்லிச் சிரிப்பாங்க.

ஒரு நாள் ஜீப்புல ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு அடக்க முடியாம சேலையோட ஒன்னுக்குப் போயிட்டா. பாவம், முகத்தை மூடிக்கிட்டு தோட்டம் வரைக்கும் அழுதா. பேச்சியக்கா மட்டும் அவ தலையைத் தடவிக்கிட்டே வந்தாங்க.

மறுநாள் ஜீப்பு ஏறுறதுக்கு முன்னாடி அக்கா சொன்னாங்க. "எல்லாரும் எங்கூட வாங்கடி."

நேரா கவுன்சிலர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கதவைத் தட்டுனா அவரு சம்சாரம் தூக்கக் கலக்கத்தோட வந்து தொறந்தாங்க.

"என்ன ஆத்தா, இத்தனை பேரு வந்திருக்கீக... யாருக்கும் ஏதும் ஆயிப்போச்சா?"

"அதெல்லாம் ஒன்னுமில்லம்மா. ஒன்னுக்குப் போகணும். ஸ்டாண்டுல எங்களுக்கு எடமில்ல. ஒங்க வீட்டுல கொஞ்சம் விடுங்க."

அந்தம்மா எங்களை ஒரு சுத்து பாத்தாங்க. கவுன்சிலர் உள்ள இருந்து, "இதென்ன சத்திரமா? போகச் சொல்லுடி"ன்னு சத்தம் போட்டாரு.

அந்தம்மா திரும்பிக்கூடப் பாக்கல. "பொம்பளைக அவசரம் ஒங்களுக்கு என்ன தெரியும்? நீங்க வாங்கம்மா"ன்னு வழி விட்டாங்க.

ஒவ்வொருத்தரா போயிட்டு வந்தோம். நான் வெளிய வந்தப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு... ஒன்னுக்குப் போறதுக்கு ஒருத்தி அழுவாளான்னு கேக்காதீங்க.

அடுத்த நாளும் போனோம், அதுக்கடுத்த நாளும் போனோம். தெருவே வேடிக்கை பாத்துச்சு. கவுன்சிலருக்கு மானம் போச்சோ என்னமோ... கொஞ்ச மாசத்துல ஸ்டாண்டு ஓரத்துல செங்கல் வந்து எறங்குச்சு.

கட்டுனாங்க. செவுத்துல ஒரு பொம்பளை படம் வரைஞ்சாங்க, ரிப்பன் வெட்டி கேசரி குடுத்தாங்க. பேச்சியக்கா அன்னைக்கு நல்ல சேலை கட்டி வந்திருந்தாங்க.

மறுநாள் போனா பூட்டு.

கேட்டா தண்ணி கனெக்சன் வரலைன்னாங்க. அப்புறம் சாவி இன்னொருத்தர்கிட்ட இருக்குன்னாங்க. அவரைக் கேட்டா, எங்கிட்ட இல்லம்மான்னாரு. அதுக்குள்ள எலெக்சன் வந்து கவுன்சிலரும் மாறிட்டாரு. புது ஆளு வீட்டுல வாசல்லயே நாய் கட்டியிருந்துச்சு.

அந்த வருசந்தான் பேச்சியக்காவுக்கு காலு வீங்குச்சு, அப்புறம் முகம். ஆஸ்பத்திரிக்கு நாந்தான் கூடப் போனேன். ரெண்டு கிட்னியும் போச்சுன்னாங்க. நீர்க்கடுப்பைக் கவனிக்காம விட்டு விட்டு, கிருமி மேல ஏறிருச்சாம்.

"ஏம்மா, தண்ணியே குடிக்க மாட்டியா?"ன்னு டாக்டர் கேட்டாரு.

"குடிச்சா எங்க சார் போறது?"

டாக்டர் குனிஞ்சு எழுத ஆரம்பிச்சுட்டாரு.

தேனிக்கு டயாலிசிஸுக்கு அலைஞ்சாங்க. பஸ்சுல போயிட்டு பஸ்சுலயே வருவாங்க. மழைக்காலம் ஆரம்பிச்சப்ப போய்ச் சேந்துட்டாங்க. நாப்பதுகூட ஆகல. அன்னைக்கு எங்க ஜீப்பு மலைக்குப் போகல. டிரைவர் அண்ணன் வண்டியை ஓரங்கட்டிட்டு பாடை தூக்க வந்தாரு.

நான் அதுக்கப்புறம் மலை ஏறல. திருப்பூருக்கு வந்து கம்பெனியில சேந்தேன், கல்யாணம் ஆச்சு, இங்கயே தங்கிட்டேன்.

போன வாரம் எங்க ஊர் வாட்சப் குரூப்புல ஒருத்தர் கேட்டிருந்தாரு... "நம்ம போடிக்கு இன்னும் என்னென்ன வசதி வேணும்?" ஆளாளுக்கு எழுதுனாங்க. நல்ல பார்க்கு, பெரிய மாலு, வாக்கிங் போக எடம், இன்னும் கூடுதலா ட்ரெய்ன்... எல்லாம் வேணுந்தான், தப்பில்ல.

நான், "ஜீப்பு ஸ்டாண்டுல பூட்டாத, தண்ணி வர்ற லேடீஸ் கக்கூஸ்"னு போட்டேன். ரெண்டு பேரு சிரிக்கிற பொம்மை போட்டாங்க. அப்படியே பேச்சு மாலுக்குத் திரும்பிருச்சு.

கொஞ்ச நேரங்கழிச்சு செல்வி தனியா வாய்ஸ் அனுப்பியிருந்தா. அப்ப எங்க கூட ஜீப்புல வந்தவ, இன்னும் மலைக்குப் போறா.

"நீ போட்டதைப் பாத்தேன்டி. அந்த ரூம்பு இன்னும் பூட்டித்தான் கெடக்கு. இப்ப ஸ்டாண்டுல பெருசா லைட்டுக் கம்பம் நட்டுட்டாங்க, பகல் மாதிரி இருக்கு. ரொம்ப முடியலைன்னா அப்பல்லாம் லாரிக்குப் பின்னாடி இருட்டுல ஒதுங்குவோம்ல... இப்ப அதுக்கும் வழியில்லாமப் போச்சுடி."

ஊரு முன்னேறிருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்கலாம்.

எங்களுக்கு அப்ப இருட்டாச்சும் இருந்துச்சு.