பாதி மட்டும் தெரிகிறவள்

கண்ணாமூச்சியில் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரையும் ஜெயித்தவள்; தேடிச் சலித்து எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகும் மாவு டிரம்மை விட்டு வெளியே வரவில்லை. கண் இமைக்காமல் பார்க்கும் போட்டியில் பக்கத்து வீட்டுப் பூனையை ஜெயித்தவள். "பொம்பளப் பிள்ளைங்க மூச்சு ஜாஸ்தி விடும், குறி தப்பும்" என்று சொன்ன பயிற்சியாளரின் வாயை அடைத்து, படைப்பிரிவின் சுடும் போட்டியில் முதல் பதக்கம் வாங்கியவள். காய்ந்த இலைக் குவியலாகக் கிடந்து ஒளிந்து காட்டும் தேர்வில், அவளைத் தேடிவந்த அதிகாரி அலுத்துப்போய் அந்தக் குவியலின் மேலேயே உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டார். அதுவும் வெற்றிக் கணக்கில்தான் சேரும்.

கடிகாரக் கடைக்கு ரிப்பேருக்கு வரும் எவரும் இந்த வரிசையைக் கேட்காமல் வெளியே போக முடியாது. அண்ணன் ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் குழலைச் செருகிக்கொண்டு, பல்சக்கரத்தை இடுக்கியால் தூக்கியபடியே சொல்வார். "நம்ம பல்லி இருக்காளே" என்றுதான் ஆரம்பம். பல்லி என்பது தங்கைக்குச் சின்ன வயதில் அவர் வைத்த பெயர். கேட்டு முடித்தவர், "அப்பேர்ப்பட்டவங்கள ஒரு தடவ பாக்கணுமே" என்பார்.

"அதோ, உங்க பின்னாடிதான் நிக்கிறா."

திரும்பிப் பார்த்துக் கடிகாரத்தைக் கீழே போட்டவர்கள் உண்டு. அதையும் அண்ணன்தான் சரிசெய்து கொடுப்பார்.

போரில் பல்லி ஸ்னைப்பராக இருந்தாள். ஒளிந்து படுத்துத் தூரத்திலிருந்து சுடுகிற வேலை. சினிமாவில் பார்ப்பதுபோல் அல்ல அது என்பாள். சுடுவது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், மீதியெல்லாம் படுத்துக்கிடப்பதுதான். சேறென்றால் சேற்றில், பனியென்றால் பனியில். எறும்பு காதுக்குள் குடிபுகுந்தாலும் கை போகக் கூடாது. இருமல் வந்தால் விழுங்க வேண்டும். ஆவி மேலே போனால் இடம் தெரிந்துவிடும் என்பதால் தேநீரை ஆறவைத்துத்தான் குடிக்க வேண்டும். சோப்பு வாசம் காற்றில் போகும் என்பதால் குளியல் கிடையாது. "ஒண்ணுக்கு வந்தா என்னடி பண்ணுவ?" என்று அண்ணி ஒருமுறை கேட்டாள்.

"வந்தது வந்த இடத்துலயே வரும் அண்ணி. முதல்ல கொஞ்சம் கதகதப்பா இருக்கும். அப்புறம்தான் குளிரும்."

அண்ணி அதற்குப் பிறகு போரைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

சொந்தப் படைக்காரர்களே அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். "தாயே, வேற பக்கம் போய்ச் சுடு. நீ ஒண்ணு போட்டுட்டு ஊர்ந்து போயிடுவ, அவன் பதிலுக்குப் போடுறதெல்லாம் எங்க தலையில விழும்" என்பார்கள். பேச்சுத்துணைக்கு இருந்தவள் ஒருத்திதான். பக்கத்தில் படுத்துத் தொலைநோக்கியில் பார்த்துத் தூரமும் காற்றும் சொல்கிற ஜோடிக்காரி. அவள் "சரி" என்றால்தான் விரல் அசையும். போர் முடிந்ததும் அவள் தன் ஊருக்குப் போய்விட்டாள். அதிலிருந்து பல்லிக்குச் சாலையைக் கடப்பதே பெரும்பாடு. வண்டி ஒன்றுமே வராத தெருவின் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பாள். கடைக்குள்ளிருந்து அண்ணன் தலையைத் தூக்கி, "சரி" என்று குரல் கொடுத்தால் கடப்பாள்.

வீட்டில் ஜன்னலோரம் உட்கார மாட்டாள். அறையின் ஆழத்தில், வெளிச்சம் எட்டாத மூலையில்தான் அவள் நாற்காலி. குடும்பப் போட்டோவில் திரைச்சீலைக்குக் கீழே ஒரு கால் கட்டைவிரல் தெரிகிறதே, அது அவள்தான். அடுப்படியில் திடீரென்று பக்கத்தில் முளைப்பதைப் பொறுக்காமல் அண்ணி ஒருநாள், அலாரக் கடிகாரத்திலிருந்து கழற்றிய சின்ன மணியைத் தாவணி முனையில் கட்டிவிட்டாள். மணியோடும் பல்லி சத்தமில்லாமல்தான் வந்தாள். "மணி ரிப்பேரா இருக்கும்" என்று அண்ணன் கழற்றிப் பார்த்தார். மணியில் ஒரு கோளாறும் இல்லை.

இப்போது அவளுக்கு வேலை குடிநீர் வாரியத்தில். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்க வேண்டும். அவள் எந்த வீட்டுக்குள்ளும் போவதில்லை. எதிர்ப்பக்கத்து மரத்தடியிலிருந்து, பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த தொலைநோக்கியால் வேலிச்சந்து வழியாக எண்ணைப் படித்துவிட்டுப் போய்விடுவாள். எந்த நாயும் குரைத்ததில்லை. "மீட்டர் பாக்க யாருமே வர்றதில்ல, பில்லு மட்டும் சரியா வருது, இது என்ன மாயம்?" என்று வாரியத்துக்குப் புகார் போனது. அதிகாரி அவளை நேரில் கூப்பிட்டு விசாரித்தார். எங்கே தப்பு என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

அந்த அலுவலகத்திலும் அவள் விரல்ரேகைதான் வைக்கிறாள். படித்தவள்தான், அழகாக எழுதுவாள். ஆனால் கையெழுத்து மட்டும் போட மாட்டாள். போர்க்கால அவசரத்தில் ஆள் சேர்த்தபோது கட்டைவிரலை மையில் தோய்த்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு பெயர் போய் எண் வந்தது. மறைந்து சுடுகிறவர்கள் மேல் எதிரிக்குத் தனிக் கோபம் உண்டு. பிடிபட்டால் கைதியாக வைத்திருக்க மாட்டார்கள். அதனால் வீட்டுக்கு எழுதும் கடிதத்தின் அடியில்கூடப் பெயர் போடாதே என்று உத்தரவு. போர் முடிந்தது, உத்தரவை வாபஸ் வாங்க யாருக்கும் நினைவில்லை. பல்லியும் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவளைத்தான் ரொட்டிக்கடைக்காரர் பெண் கேட்டார். அவர் கடை, கடிகாரக் கடைக்குக் குறுக்கே எதிர்ச்சாரியில் இருக்கிறது. பீரோவை நிமிர்த்தி வைத்ததுபோல் ஆள்; குரல் மட்டும் அதற்குச் சம்பந்தமில்லாமல் மெல்லியது.

"அவள நீங்க பாத்திருக்கீங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"மூணு தடவ. ஒவ்வொரு தடவையும் பாதிதான் தெரிஞ்சாங்க. மொத்தத்துல ஒன்றரை தடவ பாத்திருக்கேன்னு வச்சுக்கோங்க."

"பாதியப் பாத்துட்டா பொண்ணு கேக்கறீங்க?"

"பாதியே நல்லா இருந்துச்சுங்க."

அண்ணனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பிடிபடவில்லை. காரணம், பல்லியின் சாப்பாட்டு நேரப் பேச்சில் கொஞ்சநாளாக ரொட்டிக்கடையைத் தவிர வேறெதுவும் இல்லை. மாடியில் கடிகாரப் பெட்டிகள் அடுக்கிய அறைக்குள், ஈரத்துணி தொங்கவிட்டு அதன் பின்னால் படுத்துக்கொண்டு தொலைநோக்கியில் தினமும் பார்த்திருக்கிறாள். "ரொட்டிக்கடைல இன்னைக்குப் புதுச் செருப்பு. இடது கால் கடிக்குது." "அடுப்பத் திறக்கறதுக்கு முன்னாடி காது மடலச் சொறிவாரு." "கருகின ரொட்டிய நாய்க்குப் போட்டுட்டு அதுகிட்ட மன்னிப்பு கேக்கறாரு." அண்ணி அண்ணனைப் பார்ப்பாள், அண்ணன் சாதத்தைப் பார்ப்பார். தங்கைக்கு இந்த ஜென்மத்தில் ஒரு துணை கிடைக்கும் என்ற நம்பிக்கையை விட்டிருந்த மனிதர் அவர். தனக்குப் பிறகு இவளுக்கு யார் "சரி" சொல்வார்கள் என்ற கவலைதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் பல்லி, "வேண்டாம்" என்றாள்.

"ஏன், ஆளு கொஞ்சம் பெருசா இருக்காரேன்னா?"

"வேண்டாம்ணே."

"பெருசா இருந்தா உனக்குக் குறி தப்பாதேன்னு நெனச்சேன்" என்று அண்ணன் சிரிக்கவைக்கப் பார்த்தார். பல்லி சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரங்களெல்லாம் ஆளுக்கொரு பக்கம் டிக் டிக்கென்று இழுத்துக்கொண்டிருந்தன. அவள் அவற்றின் ஓரமாக நின்றபடி பேசினாள்.

"போர்ல அந்தப் பக்கத்துல ஒருத்தன் இருந்தான்ணே. சாக்ஸத் துவைச்சுக் கொடியில போடுவான். காஞ்சுதா காஞ்சுதான்னு நொடிக்கொரு தரம் வந்து தொட்டுப் பாப்பான். பொறுமையே கிடையாது. எனக்கும் ஜோடிக்கும் சிரிப்பா வரும், வாயில கைய வச்சு அமுக்கிப்போம். அவன் தலை வாருறது, தும்முறது, எல்லாம் எனக்குப் பாடம். அப்புறம் ஒருநாள் அவ 'சரி'ன்னா."

அண்ணன் கண்ணிலிருந்த குழலைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நான் இவ்வளவு நல்லாத் தெரிஞ்சுக்கிட்ட யாரும் இப்ப உசிரோட இல்லண்ணே. இவரையும் அதே மாதிரி பாத்துத் தொலைச்சிட்டேன். இவரு நல்லா இருக்கட்டும்."

அண்ணன் அதிகம் படித்தவரல்ல. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ஓடாத கடிகாரத்தைத் தூரத்திலிருந்து பார்த்துப் புண்ணியமில்லை, திறந்து கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மறுநாள் மாலை ரொட்டிக்கடைக்காரரைக் கூப்பிட்டு, வேலை மேசைக்கு எதிரே முக்காலியில் உட்காரவைத்தார். முக்காலி முனகியது. பல்லியைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, உருப்பெருக்கிக் குழலை அவள் கையில் கொடுத்தார்.

"அந்தக் கண்ணாடிலயே பாத்துட்டு இருந்தா எப்படி? இதுல பாரு."

பல்லி கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தாள். ரொட்டிக்கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"புருவத்துல மாவு இருக்கு" என்றாள்.

"எப்பவும் இருக்கும்ங்க. தொழில் அப்படி."

"கண்ணச் சிமிட்டுறாரு."

"எல்லாரும் சிமிட்டுவாங்க இல்லையா?"

"அங்கேர்ந்து தெரியாது."

ரொட்டிக்கடைக்காரர் அண்ணனை ஒருமுறை பார்த்தார். பிறகு, போனால் போகட்டும் என்று மூச்சை விட்டார். "நீங்க மாடிலேர்ந்து பாக்கறது எனக்குத் தெரியும்ங்க."

பல்லியின் கண்ணிலிருந்து குழல் நழுவி மேசையில் உருண்டது. அவளை யாரும் கண்டுபிடித்ததில்லை. அதிகாரிக்குத் தெரியவில்லை, நாய்க்குத் தெரியவில்லை.

"எப்படித் தெரியும்?"

"சாயங்காலம் வெயில் இறங்கும்போது உங்க கண்ணாடி ஒரு தடவ பளிச்சுனு மின்னும். முதல்ல ஏதோ பாட்டிலுன்னு நெனச்சேன். தினம் மின்னுச்சு. அதுக்கப்புறம்தான் நான் தலை வார ஆரம்பிச்சது."

"மின்னுச்சா?" என்றாள் பல்லி. முகம் வெளுத்துவிட்டது. கண்ணாடி மின்னுவது அவள் தொழிலில் கடைசித் தப்பு. அதற்கு மேல் தப்புச் செய்ய ஆள் இருப்பதில்லை. "தினமுமா?"

"மழ பெஞ்ச அன்னைக்கு மட்டும் இல்ல. அன்னைக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையோன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சும் ஏன் உள்ள போகல?"

"ஏங்க போகணும்? நீங்கதானே பாக்கறீங்க." அவர் காது மடலைச் சொறிந்தார். "புதுச் செருப்புகூட அதுக்காக வாங்கினதுதான். கடிச்சிருச்சு."

பல்லி தன் இரண்டு கைகளையும் புரட்டிப் பார்த்தாள், எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்ப்பவள்போல. தினமும் மின்னியிருக்கிறாள், இதோ முழுசாக உட்கார்ந்திருக்கிறாள். எதிரே அந்தப் பீரோவும் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வழக்கம்போல வாயில் கையை வைத்து அமுக்கப் பார்த்தாள், முடியவில்லை. அண்ணன் தங்கையின் சிரிப்புச் சத்தத்தை வெகுகாலம் கழித்துக் கேட்டார். உள்ளே இருந்த அண்ணி, "யாரு அது வந்திருக்கறது?" என்று எட்டிப் பார்த்தாள்.

கல்யாணத்தன்று பதிவு அலுவலகத்தில் பெண்ணுக்குப் போட்டிருந்த நாற்காலி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்தது. பெரிய ஜன்னல்; கதவுகள் அகலத் திறந்து, எதிரே வரிசையாக மாடிவீடுகள். அண்ணன் பார்த்த உடனே நாற்காலியை நகர்த்தப் போனார். பதிவாளர், "அதெல்லாம் இடம் மாத்தாதீங்க, இங்க ஒரு ஒழுங்கு இருக்கு" என்று அதட்டினார். பல்லி சுவரோரமாக நின்றாள். அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்போது ரொட்டிக்கடைக்காரர் போய், ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார். அறையே இருண்டது. பல்லி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளை ஏன் அங்க போய் நிக்கிறாரு?" என்றார் பதிவாளர்.

"காத்து வாங்கறாரு" என்றார் அண்ணன்.

பதிவாளர் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். "கைநாட்டா?" என்று கேட்டு மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். பல்லி அதைப் பார்த்தாள். மூடியைப் போட்டு மூடி, அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள். பேனாவை எடுத்தாள். பிறகு பின்னால் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சம் வேணும்."

ஜன்னலை அடைத்து நின்றவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன், "சரி" என்று சொல்ல வாயைத் திறந்தார்; ஆனால் அதற்குள் பல்லி மூச்சை மெல்ல வெளியே விட்டு, எழுத ஆரம்பித்திருந்தாள். ரொட்டிக்கடைக்காரர் விலகினார். வெயில் அவள் முதுகின்மேலும் காகிதத்தின்மேலும் விழுந்தது. அவள் தன் முழுப் பெயரையும் எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதியும் போட்டாள்: மார்ச் பதினெட்டு, வியாழக்கிழமை.