இடி இடித்தாலும் வானொலி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. அவைதான் எங்கள் இணைய வானொலியின் சர்வர்கள். சிங்கப்பூரில் வேலை முடிந்து, ஜொகூர் திரும்பும் பாலத்து வாகன ஜாமில் மாட்டிக்கொள்கிற நம் ஆட்களுக்காகச் சாயங்காலம் என் மனைவி நேரலையில் பேசுவாள், பாட்டுப் போடுவாள். என்ன குரல் அது! புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை.

ஆனால் ஜொகூரில் சாயங்காலமானால் இடி. இடி என்றால் இங்கே வீட்டுக்கு வீடு பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். இவளோ லாபிஸ் தோட்டத்து வீட்டில் இடி விழுந்து டிவி கருகியதைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவள். வானம் உறுமினால் போதும், பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடிப்போய் சர்வர் பிளக்கையும் சேர்த்தே பிடுங்கிவிடுவாள். தன் நிகழ்ச்சியைத் தானே அணைக்கிற அறிவிப்பாளரை வேறெங்கே பார்க்க முடியும்?

ஒருநாள் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும்போதே பிடுங்கிவிட்டாள். அப்புறம் சோபாவில் உட்கார்ந்து அழுதாள்.

“பாவம்ங்க, பஸ்ஸுல நின்னுக்கிட்டே கேக்குறாங்க. இன்னொரு தடவ பாதியில போச்சுன்னா நான் நிறுத்திக்கிறேன்.”

சர்வரை வீட்டைவிட்டு வெளியேற்றுவதென்று அன்றே முடிவெடுத்தேன்.

மலிவான ஹோஸ்டிங் எதிலும் நேரலைக்கு இடமில்லை. வெளிநாட்டு கிளவுடில் கட்டணம் எப்போது எகிறும் என்று விற்பவனுக்கே தெரியாது. தேடித் தேடிக் கடைசியில் ஒரு வாடகை சர்வர் கிடைத்தது. அது இருப்பது இதே ஜொகூரில், நேற்றுவரை எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடாக இருந்த நிலத்தில் எழுந்த டேட்டா சென்டரில்! அடேங்கப்பா! எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடனே அங்கே போன் போட்டேன். மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“ஏம்மா, அங்க இடி இடிச்சா யாரு பிளக்கப் பிடுங்குறது?”

மறுமுனையில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். “அலமாக்! யாரும் தொட முடியாதுக்கா. கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் ஓடும்லா.”

அந்த ஒரு பதிலுக்காகவே எடுத்துவிட்டோம்.

மாற்றிய வாரமே வந்தது ஒரு பேய் மழை. நான் முன்கூட்டியே அவள் நேரலையில் பேசுகிற லேப்டாப்பை பேட்டரியிலும் கைப்பேசி இணையத்திலும் ஓட விட்டிருந்தேன். முதல் இடிக்கே அவள் பேச்சை விட்டுவிட்டு எழுந்து ஓடி, வீட்டிலுள்ள அத்தனை பிளக்கையும் பிடுங்கினாள். மின்விசிறி நின்றது. அவள் கையில் வயரோடு, முகம் வெளிறி நின்றாள்.

“போச்சா?”

“போகலடி! போய்ப் பேசு!” என்று கத்தினேன்.

மைக் முன்னால் உட்கார்ந்தாள். “இங்க பயங்கர இடிங்க. ஆனா நான் இங்கதான் இருக்கேன். நீங்க பத்திரமா வந்து சேருங்க.” அப்புறம் வேர்க்க விறுவிறுக்க, சிரித்துச் சிரித்துப் பேசினாள். நான் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமலே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏங்க, ஏழு மணிக்கே முடிச்சிரணுமா? ஜாம் ஒன்பது வரைக்கும் இருக்கே?”