எல்லைக்கோட்டில் உட்கார்ந்துவிட்டவர்

ஆஸ்திரேலியாவின் முர்ரே நதிக்கரையில் டூலம்பா என்ற ஊரில் எந்த நலவிசாரிப்புக்கும் ஒரே பதில்தான்: "மோசமில்லை." வெள்ளத்தில் கொட்டகை போய்விட்டதாமே? மோசமில்லை. மாடு மிதித்த கால் எப்படி? மோசமில்லை. இந்த உயர்ந்த நாகரிகத்தின் தலைசிறந்த பிரதிநிதி, ஐம்பத்தோரு வயது டெஸ் குவேல். வாரநாட்களில் கவுன்சிலுக்காக மண்சாலையைச் சமன்படுத்தும் வண்டி ஓட்டுவார். சனிக்கிழமைகளில் ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தில், ஊர் ஆட்டத்துக்கு எல்லைக்கோட்டு நடுவர். பந்து கோட்டைத் தாண்டினால் ஓடிப்போய் எடுத்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தலைக்கு மேலே பின்பக்கமாக வீசவேண்டும். பத்தொன்பது வருடங்களாக வீசிக்கொண்டிருந்தார். தம் பெயருக்கு அந்த ஊரில் இருந்த ஒரே அர்த்தம் அதுதான் என்று அவர் நம்பினார்.

ஜனவரியில் ஆறு பெருகியது, கொசு பெருகியது, டெஸுக்கு ராஸ் ரிவர் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இரண்டு வாரத்தில் விடைபெற்றுக்கொண்டது. அசதி மட்டும் விருந்தாளியாய் வந்து வீட்டுக்காரனாகிவிட்டது. ஒரு காலுக்குச் சாக்ஸ் மாட்டினால், மறு காலுக்கு முன் கட்டிலில் சற்றுச் சாயவேண்டியிருந்தது.

"வைரஸ் போயாச்சு. அசதி போக மாசக்கணக்காகும்," என்றார் டாக்டர். "முடியும்னு தோணுறதுல பாதிதான் செய்யணும்." அறிவுரையிலும் டெஸ் பாதியைத்தான் கேட்டுக்கொண்டார்: வைரஸ் போயாச்சு.

ஏப்ரலில் கிளப் செயலாளர் கிளெனிஸ் டிரான்டர் போன் செய்தார்.

"உடம்பு எப்படிடா இருக்கு, டெஸ்?"

"மோசமில்லை."

அவ்வளவுதான். முதல் ஆட்டத்துக்கே பெயர் போட்டாகிவிட்டது.

"முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதா உனக்கு?" என்றாள் மனைவி நோரீன்.

"சொன்னா சோம்பேறிம்பாங்க. அடுத்த வருஷம் வேற ஆளைப் போட்டுருவாங்க."

சனிக்கிழமை, மைதானத்தைச் சுற்றி வழக்கம்போல் கார்கள் மூக்கை உள்ளே நீட்டி நின்றன. ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் முதலாவதை டெஸ் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவிட்டார். இரண்டாவதில் பந்து தூரத்து மூலைக்குப் போனது. அவரும் போனார். போய், குனிந்து, பந்தை எடுத்து, அதைக் கட்டிக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டம் நின்றது. கார்கள் ஹார்ன் அடித்தன.

"என்ன மேட், முட்டையா அடைகாக்குற?" என்றான் எதிரணிக்காரன் ஒருவன்.

டெஸ் வழக்கமான பதிலைத் தேடினார். அதைச் சொல்லக்கூடத் தெம்பில்லை. "முடியலைடா," என்றார். "ஜனவரிலேருந்தே முடியலை."

அந்த மைதானத்தின் வரலாற்றில் அப்படியொரு வாக்கியம் அதுவரை உச்சரிக்கப்பட்டதில்லை. யாரும் சிரிக்கவில்லை. ஊர் அணியின் ஆறரை அடி உயர ஆட்டக்காரன் கிளைவ் லெத்பிரிட்ஜ், பக்கத்தில் மண்டியிட்டான்.

"எனக்கும் அதே காய்ச்சல்தான், டெஸ். மத்தியானமெல்லாம் டிராக்டர்லேயே தூங்குறேன். பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது."

"இப்பத் தெரிஞ்சிருச்சு!" என்று அருகிலிருந்த காரின் ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

கிளெனிஸ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "போன்ல கேட்டப்போ என்னடா சொன்ன நீ? ஆளே வேணாம்னா சொல்லப்போறேன்? கோல் நடுவரா கம்பத்துக்கிட்ட போய் நில்லு. ஒரு கால்பகுதி மட்டும்."

"அது கிழவனுங்க வேலை, கிளெனிஸ்."

"கிழவனுங்க நின்னுகிட்டாவது இருக்கானுங்க."

அடுத்த சனிக்கிழமை டெஸ் கம்பத்தடிக்குப் போய் நின்றார். வாரம் ஒரு கால்பகுதி, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கோல் விழுந்தால் இரண்டு கொடிகளை ஆட்டினார். மற்ற மூன்று கால்பகுதிகள் காரில் படுத்துக்கிடந்தார், கிளெனிஸின் கண்காணிப்பில். ஜூனில் ஒருநாள் திமிரெடுத்து மூன்று பகுதி நின்றார். அதற்குப் பத்து நாள் படுக்கை தண்டனை. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். கிளைவின் மனைவி தன் கணவனையும் பாதி ஆட்டத்தோடு காருக்கு இழுத்துப்போனாள். அசதி பேசுவதற்கு அந்தக் காரில் ஒரு சிறு சங்கமே கூடியது. தலைவர் பதவிக்குப் போட்டியில்லை. யாருக்கும் எழுந்து நிற்க மனமில்லை.

ஆகஸ்டு கடைசி ஆட்டத்தில் டெஸ் நான்கு பகுதிகளும் நின்றார். ஊர் அணி படுதோல்வி. எதிரணிக்காக இருபத்திரண்டு முறை அவரே கொடி ஆட்டவேண்டியிருந்தது. அத்தனை முறையும், கொஞ்சமும் வெட்கமில்லாத சந்தோஷத்தோடு ஆட்டினார். பிறகு மீட் பை என்கிற இறைச்சிப் பலகாரம் வாங்கும் வரிசையில், எதன்மேலும் சாயாமல், சாஸ் பாட்டிலுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு நின்றார்.