நஞ்சுண்டன் கை குணமான கதை

அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்து ரிச்சர்ட்சன் ஊரில் வேலை பார்க்கும் நஞ்சுண்டன், எங்கே நெட்வொர்க் படுத்துக்கொண்டாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுப்பிவிடுவார். தன் வலது கையில் வந்த கரப்பான் நோயிடம்தான் அவர் ஜம்பம் பலிக்கவில்லை. விரலெல்லாம் வெடித்து, ரசம் பட்டால் உயிர் போகும். அரிசிம்பருப்பு சாதத்தை ஸ்பூனால் தின்கிறவனின் சோகம் கோயம்புத்தூர்க்காரர்களுக்குத்தான் புரியும். டாக்டர் தந்த க்ரீம் தடவும்வரை கேட்கும். நிறுத்தினால் பழையபடி ஆரம்பித்துவிடும்.

கடைசியில் ஆபீஸ் நண்பர் சொன்னாரென்று ஒரு சீன மருந்துக்கடைக்குப் போனார். கடைக்கார அம்மாள் கையை விட்டுவிட்டு நாக்கை நீட்டச் சொன்னாள். நாடி பார்த்தாள். பட்டை, வேர், காய்ந்த பூ என்று அள்ளிப் பொட்டலம் கட்டினாள். இறால் கூடாது, காரம் கூடாது, தினமும் சாயங்காலம் இதன் கஷாயத்தில் கை ஊற வேண்டும் என்றாள்.

கொதித்தால் வீடே நனைந்த சாக்கு மாதிரி நாறியது. கை ஊறும் நேரமும் சாப்பாட்டு நேரமும் ஒன்றாகிவிட்டது. முதல் நாள் இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டார். பார்க்கச் சகிக்காமல் மனைவி தனபாக்கியம் தட்டை வாங்கிப் பிசைந்து, "ஆ காட்டுங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து நடக்காத அதிசயம்! ஐம்பது வயது மனிதருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாய் மட்டும் தானாகத் திறந்தது. மறுநாள் மீட்டிங்கில் காரணமில்லாமல் சிரித்தார். ஃப்ரீவேயில் பாட்டு முணுமுணுத்தார். சாயங்காலம் எப்போது வரும் என்று தவித்தார்.

ஒரு நாள் பார்த்தால் கை ஆறிவிட்டிருந்தது. நஞ்சுண்டனுக்குப் பகீரென்றது. கை சரியானால் இந்தச் சோறு போச்சே! "இன்னும் லேசா எரியுது பாக்கியம்" என்று முகத்தைச் சுளித்து, கையைக் கிண்ணத்தை விட்டு எடுக்காமல் நாளை ஓட்டினார். கஷாய நாற்றம்கூடக் குறைந்திருந்தது. மூக்கு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

நேற்று அவள் நீட்டிய உருண்டை நழுவியது. நெய்ச் சோறு வீணாகலாமா? சட்டென்று வலது கையால் பிடித்து வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் திருதிருவென்று முழித்தார்.

"அது வந்து... மருந்து இன்னும் ஒரு வாரம் போட்டா..."

"மருந்து போன வாரமே தீந்துபோச்சுங்க. வெறும் டீத்தண்ணிதான் ஊத்திட்டிருக்கேன்."

"அப்ப, கை நல்லாயிடுச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

தனபாக்கியம் அவரைப் பார்க்காமல் அடுத்த உருண்டையை உருட்டினாள்.

"பேசாம கைய உள்ள வைங்க" என்றாள்.