தேர்ட் க்ளாஸுக்கு ஒரு காரணம்

போன சனிக்கிழமை எங்கள் ஆபீஸில் இன்டர்வியூ. சட்டக் கல்லூரியின் கடைசி வருஷ மாணவர்களில் ஒருவரை எடுக்க வேண்டும். மேஜைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று வக்கீல்கள். அந்தப் பக்கம் கடலூரிலிருந்து வந்த ஒரு மாணவர். கழுத்து வரை பட்டன் போட்ட சட்டை, வியர்த்த நெற்றி.

சட்டத்தில் கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் வந்தது. பிறகு சக வக்கீல் மார்க் ஷீட்டைப் புரட்டினார்.

"பி.ஏ.வுல ஏன் இவ்ளோ கம்மி?"

"அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல சார். ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் அலைஞ்சிக்கிட்டு இருந்தேன்."

அவ்வளவுதான். அறையே இளகிவிட்டது. ஒருவர் டீயை அவர் பக்கம் நகர்த்தினார். இன்னொருவர், "இப்ப அப்பா எப்படி இருக்காரு?" என்று விசாரித்தார். அவரையே எடுத்தோம். எடுக்க வேண்டியவர்தான், சந்தேகமே இல்லை.

ஆனால் எனக்கு மட்டும் நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போனேன். வந்தேன். மறுபடி போனேன்.

"உங்களுக்கு என்னா மேடம் ஆச்சு?" என்றார் சக வக்கீல்.

என்ன ஆச்சா? அதே கேள்வியை, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் வாங்கியிருக்கிறேன். என்னிடம் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அதுதான் ஆச்சு!

நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. தேர்ட் க்ளாஸ். வீட்டில் கஷ்டமா? இல்லை. அப்பாவுக்குக் கூட்டுறவுப் பண்டகசாலையில் நிரந்தர வேலை. ரெட்டியார்பாளையத்தில் சொந்த வீடு. எனக்கு ஒரு ஜுரம்கூட வந்ததில்லை. கெமிஸ்ட்ரி பிடிக்கவில்லை... அவ்வளவே. லேபில் கையில் பிப்பெட் இருக்கும், கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். மூன்று வருஷம் த்ரோபால் ஆடினேன், மேட்னி பார்த்தேன், பீச் ரோட்டில் காரணமில்லாமல் நடந்தேன். பரீட்சைக்கு முந்தின வாரம் படித்தேன். அதற்கு என்ன கிடைக்குமோ அது கிடைத்தது.

பிறகு சட்டக் கல்லூரி. 'பொண்ணு வீட்டுல சும்மாத்தானே இருக்கா' என்று சேர்த்துவிட்டார்கள். அங்கே என்னவோ நடந்தது. "ஒருத்தர் கொடுத்த வாக்கை எப்ப மீறலாம், எப்ப மீறக் கூடாது?" என்று காண்ட்ராக்ட் வாத்தியார் முதல் நாள் ஆரம்பித்தார். மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் வகுப்பில் முதலாவதாக வந்தேன். அடுத்து வந்தவள் ரோசலின், என் உயிர்த்தோழி. சொல்தா வீட்டுப் பெண் — அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ரிடையர் ஆனவர். அவள் பி.ஏ.விலும் ஃபர்ஸ்ட் க்ளாஸ்.

நாங்கள் கடைசி வருஷம் படிக்கும்போது மெட்ராஸ் வக்கீல் கம்பெனி ஒன்று பாண்டிச்சேரியில் கிளை திறந்தது. புதுசு புதுசாக ஃபாக்டரிகள் வந்துகொண்டிருந்த நேரம். அதுவரை நம்ம ஊரில் வக்கீல் ஆபீஸ் என்றால் சீனியர் வீட்டு முன்னறை. பெரிய சீனியரிடம் ஜூனியராகச் சேர மாமா, சித்தப்பா யாராவது சொல்லிவிட வேண்டும். மார்க்கை யார் கேட்டார்கள்? இவர்களோ மாதச் சம்பளம் தருவார்களாம். தனி மேஜையாம். காலேஜ் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள்: ஒரே ஒரு இடம். டிகிரியில் ஃபர்ஸ்ட் க்ளாஸ் வாங்கியவர்களுக்கு முன்னுரிமை.

எனக்கு மாமாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. அந்த ஒரு இடம்தான் இருந்தது.

"ஏய் வசந்தா, தேர்ட் க்ளாஸ் ஏன்னு கேப்பாங்கடி. எதாச்சும் சோகமா சொல்லிடு" என்றாள் ரோசலின். அவளும் அதே இடத்துக்குத்தான் போட்டி. அப்படியும் எனக்கு யோசனை சொன்னாள் பாருங்கள்!

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை.

"எனக்கு ஆபரேஷன் ஆச்சின்னு சொல்லேன்."

"என்னா ஆபரேஷன்?"

"குடல்வால்னு சொல்லு. இல்ல, அது சின்னது. கர்ப்பப்பைன்னு சொல்லு."

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல்: "மூணு வருஷமாவா ஆபரேஷன் பண்ணாங்க?"

"நீங்க சும்மா இருங்க. பொண்ணுக்கு வேலை கெடைக்கும்னா, அப்படிச் சொல்றதுல எனக்கு என்னா கொறஞ்சிடப் போவுது?"

இன்டர்வியூ கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரர் காலத்துப் பழைய வீடு ஒன்றில். உயரமான கதவுகள், மேலே மெதுவாகச் சுற்றும் ஃபேன். ரோசலின் முதலில் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அடுத்தது நான்.

கம்பெனியின் சீனியர் பெயர் ராகவன். மெலிந்த மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். சட்டத்தில் கேட்டார், சொன்னேன். மடக்கிக் கேட்டார், அதற்கும் சொன்னேன். அவர் முகத்தில் லேசாக ஒரு மகிழ்ச்சி. பிறகு இரண்டு மார்க் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பி.எஸ்சி.ல தேர்ட் க்ளாஸ். பி.எல்.ல முதல் இடம். அந்த மூணு வருஷம் வீட்ல ஏதாவது பிரச்னையா?"

கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்துவிட்டார். நல்ல மனிதர். நான் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

"எங்க அம்மாவுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

காலையில் எனக்குத் தலை பின்னிவிட்ட அம்மா. வாசல் வரை வந்து, "மறந்துடாதே, கர்ப்பப்பை" என்று காதில் சொன்ன அம்மா. திடகாத்திரமாக நின்றுகொண்டிருந்தாள். அவளைப் படுக்கையில் போட எனக்கு வாய் வரவில்லை.

"எங்க அம்மா நல்லா இருக்காங்க சார்."

அவர் புரியாமல் பார்த்தார்.

"பிரச்னை ஒண்ணும் இல்ல சார். எனக்குக் கெமிஸ்ட்ரி பிடிக்கல. அதனால படிக்கல."

ராகவன் சார் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வக்கீல் ஆபீஸ்ல பிடிக்காத வேலைதாம்மா நிறைய வரும். அப்பவும் இப்படித்தான் இருப்பீங்களா?"

நான் என்ன சொல்ல? மாட்டேன் என்று சொல்லலாம். ஆனால் அது உண்மையா? எனக்கே தெரியாதே!

"தெரியல சார்" என்றேன்.

அடுத்த பத்து நாளும் சைக்கிள் மணி கேட்டால் போஸ்ட்மேனா என்று ஓடுவேன். முதலியார்பேட்டை வரை நடந்து போய், போன காரியம் என்னவென்று தெரியாமல் திரும்பி வருவேன். வேலை கிடைக்குமா என்பதுகூட இல்லை. அந்தக் கேள்வி! அநியாயமான கேள்வியாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். அது நியாயமான கேள்வி. அதுதான் தொல்லை.

ரோசலினை எடுத்துக்கொண்டார்கள். அவளே வந்து சொன்னாள். சொல்லும்போது அவள்தான் அழுதாள். நான், "போடி லூசு, சாக்லேட் எங்க?" என்றேன். அப்புறம் கொஞ்ச நாள் அவள் ஆபீஸ் இருந்த தெரு வழியாகப் போவதை நிறுத்தினேன்.

பி.எல். முடித்து என்ரோல் ஆனதும் எங்கள் பேட்டையிலேயே ஒற்றை அறையில் ஆபீஸ் வைத்திருந்த வக்கீல் தண்டபாணி சாரிடம் சேர்ந்தேன். அவர் என் மார்க்கைக் கேட்கவே இல்லை. "கையெழுத்து நல்லா இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். சம்பளம் கிடையாது. சம்பளம் கொடுக்காதவர்கள் மார்க் கேட்பதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வேலை? உழவர்கரை நிலங்களின் பாகப்பிரிவினை வழக்குகள். நொத்தேர் என்கிற பத்திர அதிகாரி அந்தக் காலத்தில் எழுதிய பிரெஞ்சுப் பத்திரம், அதன் மொழிபெயர்ப்பு, அதிலிருந்து சொத்து விவரம் எழுத வேண்டும். வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னார் பாத்தியம், கிழக்கே வண்டிப்பாட்டை... பக்கம் பக்கமாக. கெமிஸ்ட்ரியே தேவலாம் போலிருந்தது. அரை மணிக்கு ஒரு தரம் தெருவுக்கு வந்து நிற்பேன்.

அப்போதுதான் அஞ்சலை வந்தார். உழவர்கரையில் நாற்று நடப் போகிறவர். அப்பா விட்டுப்போன நிலத்தில் அவருக்கும் பங்கு உண்டு. அண்ணன் அதையும் சேர்த்து விற்கப் பேசிவிட்டான். திங்கட்கிழமைக்குள் கோர்ட்டில் தடை வாங்கவில்லை என்றால் பத்திரம் பதிவாகிவிடும். தண்டபாணி சார் மனுவின் தலைப்பை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, "மீதியை முடிச்சிடும்மா" என்று ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் அந்தச் சொத்து விவரமும். அஞ்சலை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, ஆயிடுமா?"

"ஆயிடும்."

"எங்கண்ணன் கேக்குறான், பொட்டச்சிக்கு எதுக்குடி நெலம்னு. நட்டது யாரு, நான்தானே?"

மத்தியானம் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. விரல் மரத்துவிட்டது. ஒரு எல்லை இன்னொரு எல்லையோடு ஒத்துப்போகவில்லை. முதலிலிருந்து பார்க்க வேண்டும். பிடித்ததா? சத்தியமாகப் பிடிக்கவில்லை. ஆனால் வாசலில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே... எப்படி எழுந்து போவது? கெமிஸ்ட்ரி லேப் வாசலில் யாரும் எனக்காக உட்கார்ந்திருக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே முடித்தேன்.

திங்கட்கிழமை தடை உத்தரவு கிடைத்தது. அஞ்சலை என் மரத்துப்போன விரல்களைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

ஒரு வருஷம் போயிருக்கும். ரோசலினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாரிஸில். நம்ம ஊரில் இது தினமும் நடப்பதுதானே! அவள் கிளம்பிய வாரமே ராகவன் சாரின் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். "நாளைக்கே வர முடியுமா?"

போனேன். அந்தக் கேள்விக்கான பதிலைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, புடவை மடிப்பு கலையாமல் போனேன். ராகவன் சார் மேஜை முழுக்கக் கேஸ் கட்டுகள். நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கம்மா. உழவர்கரை ரிக்கார்டெல்லாம் உங்களுக்குப் பழக்கமாமே? இதைக் கொஞ்சம் பாருங்க. நாலு மணிக்கு வேணும்."

அவ்வளவுதான் இன்டர்வியூ! மார்க் ஷீட்டை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அவருக்கு அந்தக் கேள்வி ஞாபகமே இல்லை. அதற்காக ஒரு மனுஷி முதலியார்பேட்டை வரை நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

டிகிரி மார்க்குக்கு மதிப்பு உண்டா, இல்லையா? உண்டு. உட்காரச் சொன்ன இடத்தில் ஒருவர் உட்கார்ந்தாரா என்று அது சொல்லும். வக்கீல் தொழிலில் பாதி உட்காருவதுதான். யாருக்காக உட்காருவார் என்பதை மட்டும் அது சொல்லாது. இன்னொன்று: வாசலில் இருபது பேர் நிற்கும்போது எல்லோரும் மார்க் பார்க்கிறார்கள். நாளைக் காலையில் ஆள் வேண்டும் என்றால் யாரும் பார்ப்பதில்லை. இது நியாயமா என்று இன்றுவரை எனக்கு ஒரு முடிவும் ஏற்படவில்லை. மார்க் ஷீட்டை வாங்கினால் நானும் முதல் பக்கத்தைத்தான் பார்க்கிறேன். பார்த்துவிட்டு வராந்தாவுக்குப் போகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு ரோசலின் ஊருக்கு வந்திருந்தாள். இரண்டு பேரும் பீச் ரோட்டில் நடந்தோம்.

"பாரிஸ்ல வேலைக்குப் போனியா?"

"போனேண்டி. ஃபர்ஸ்ட் க்ளாஸ் சர்ட்டிஃபிகேட் எல்லாத்தையும் பிரெஞ்சுல மாத்தி, சீல் வச்சி எடுத்துட்டுப் போனேன். ஆபீஸ்ல இருந்த அம்மா தொட்டுக்கூடப் பாக்கல. டைப்பிங் தெரியுமான்னு கேட்டா."

"தெரியுமா?"

"தெரியாது. இப்பத்தான் க்ளாஸுக்குப் போறேன்."

அங்கேயும் அவள்தான் ஃபர்ஸ்ட்டாம்!